ஈரம் பார்க்கிறவர்

பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவைதான். "தம்பி, அந்தப் பக்கம் உக்காருங்க. நிழல் பட்டா காயாது."

நகர்ந்து, அவருக்கு வலது பக்கமாக, இரண்டு படி மேலே போய் உட்கார்ந்துகொண்டேன். அதன்பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வாட்டர் கலர் என்று எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சமும் அந்த இரண்டு படி உயரத்திலிருந்து பார்த்ததுதான்.

கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. காவிரிக்கரை நெடுகப் படித்துறைகள். நான் சொல்வது சக்கரப் படித்துறை. மாசி மகத்தன்று பெருமாள்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் இடம். அன்றைக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் குளிக்க வருகிற நாலைந்து பேர், துணி துவைக்கிற பெண்கள், திதி கொடுக்க வந்த ஒரு குடும்பம், எந்தப் படியில் வெயில் முதலில் விழும் என்று தெரிந்து படுத்திருக்கும் ஒரு நாய், அவ்வளவுதான். மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து ஆறு நிறைந்திருந்த ஓர் ஆவணி ஞாயிறு, நடைப்பயிற்சிக்குப் போன நான் அவரைப் பார்த்து நின்றேன். நின்றது அவருடைய இடது தோளுக்குப் பின்னால். என் நிழல் நேராகப் போய் அவருடைய தாளில் விழுந்திருக்கிறது.

அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். குளிக்க வருகிறவர்கள் 'டிராயிங் மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை அரைக்கைச் சட்டை, நாலு முழ வேட்டி. டிவிஎஸ் 50-ஐ தெருமுனையில் நிறுத்திவிட்டு ஒரு மஞ்சள் பையோடும் பிளைவுட் பலகையோடும் ஆறே காலுக்கு இறங்கி வருவார். நாலாவது படியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, மேற்கே, தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து உட்காருவார்.

பையிலிருந்து சாமான்கள் வெளியே வரும் வரிசை ஒரு வாரமும் மாறியதில்லை. முதலில் பாதி செங்கல். அதன்மேல் பலகையின் மேல் விளிம்பைச் சாய்த்து வைப்பார். தண்ணீர் கீழ்நோக்கி இறங்க அந்தச் சாய்வு போதும். பிறகு இரண்டு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். ஒன்று காலி; அதை ஆற்றில் முக்கி எடுப்பார். மற்றதில் வீட்டிலிருந்தே தண்ணீர் வந்திருக்கும். கழுவுவதற்குக் காவிரி, கலப்பதற்கு வீட்டுத் தண்ணீர். ஆவணிக் காவிரி கலங்கல். அதில் நீலத்தைக் கலந்தால் வானத்திலும் வண்டல் படியும். பிறகு ஓரம் சில்லு பெயர்ந்த ஒரு பீங்கான் தட்டு. மூங்கில் குச்சிப் பாயில் சுருட்டிய மூன்று தூரிகைகள். கடைசியாக, கிழித்த பழைய வேட்டித் துணி. அதைத் தொடைமேல் விரித்துக்கொள்வார்.

தாள் முன்பே பலகையில் நான்கு பக்கமும் ஒட்டப்பட்டிருக்கும். பாண்டிச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் என்று ஒரு நாள் யாரோ கேட்டபோது சொன்னார். பருத்தித் துணியை அரைத்துக் கூழாக்கிச் செய்கிற தாள். வெயில் சாய்வாக விழும்போது அதன் பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும், நன்றாகப் பூசாத மண்சுவர் போல. அந்தக் குழிகளுக்கு வேலை இருக்கிறது என்று நான்காவது வாரம் புரிந்தது.

உட்கார்ந்ததும் வரைய ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்துத்தான் நானும் அவசரமாக உட்கார்ந்தேன். அவர் சும்மா இருந்தார். கைகள் இரண்டும் முழங்கால்மேல். எதிரே கரையோரத்துக் கல்மண்டபம், அதன் காலில் மோதிச் சுழிக்கிற தண்ணீர், அதற்கப்பால் தென்னை, இன்னும் அப்பால் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு தூரம். கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். திறப்பார். மறுபடி பாதி மூடுவார். நானும் செய்து பார்த்தேன். கண்ணைச் சுருக்கினால் மண்டபத்தின் தூண்கள் எண்ணிக்கை போய்விடுகிறது. வெளிச்சம் ஒரு துண்டு, இருட்டு ஒரு துண்டு என்று இரண்டுதான் மிஞ்சுகிறது. கால்மணி நேரம் அவருக்கு அந்த வேலை. பிறகு பென்சில் எடுத்தால் ஐந்து நிமிடம் கூட ஆகாது. கல்மண்டபத்துக்கு ஒன்பது கோடு, கரைக்கு ஒன்று, தென்னைகளுக்கு எதுவுமில்லை.

தட்டின் ஓரத்தில் ஆறு நிறங்கள் சுண்டைக்காய் அளவுக்குப் பிதுங்கியிருக்கும். இரண்டு மஞ்சள், ஒரு செம்பழுப்பு, ஒரு சிவப்பு, இரண்டு நீலம். கறுப்பு கிடையாது. வெள்ளையும் கிடையாது. வெள்ளை இல்லாமல் எப்படி என்று முதல் வாரம் எனக்குக் கவலையாகவே இருந்தது. வெள்ளை என்பது அவருக்குத் தாள். எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே கையை வைக்காமல் போய்விட வேண்டும். எண்ணெய் வண்ணக்காரர் இருட்டில் தொடங்கிக் கடைசியில் வெளிச்சத்தை எடுத்து அப்பலாம். இவர் வெளிச்சத்தில் தொடங்குகிறவர். ஒருமுறை இருட்டாக்கிய இடத்தில் பழைய வெளிச்சம் முழுசாகத் திரும்பாது.

முதலில் வானம். பெரிய தூரிகையை வீட்டுத் தண்ணீரில் முக்கி, தாளின் மேல்பாதி முழுக்க வெறும் தண்ணீரைத் தடவினார். வெயிலில் அது கண்ணாடித் துண்டு போல மின்னியது. தட்டில் நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தார்; நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு கருநீலம். இவ்வளவு அடர்த்தியா என்று பதறினேன். மேல் விளிம்பில் இடமிருந்து வலம் ஒரு இழுப்பு. இழுத்த கோட்டின் கீழ் ஓரத்தில் நீலத் தண்ணீர் ஒரு மணிச்சரமாகத் திரண்டு நின்றது. அடுத்த இழுப்பு அந்த மணிச்சரத்தைத் தொட்டு, அதைக் கீழே கூட்டிக்கொண்டு வந்தது. அதற்கடுத்தது இன்னும் கீழே. ஆறு இழுப்பில் வானம் முடிந்தது. எந்த இடத்தையும் இரண்டாவது முறை தொடவில்லை. கீழே மீந்து நின்ற மணியைப் பிழிந்த தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடுத்தார்.

பிறகு தூரிகையைக் கிடத்திவிட்டு ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார்.

காய்ந்தபோது அந்தக் கருநீலம் வெளுத்து, சரியாக அந்தக் காலையின் வானமாக இருந்தது. நீர்வண்ணம் காய்ந்தால் ஒரு பங்கு வெளுக்கும். அவர் பார்க்கிற வானத்தைத் தீட்டவில்லை. அரைமணி கழித்து எது இந்த வானமாக மாறுமோ அதைத் தீட்டியிருக்கிறார்.

என் இடத்திலிருந்து இன்னொன்றும் தெரியும். படித்துறைக்கு இறங்குகிற தெருவின் கடைசி வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அங்கே வாசல் தெளிப்பு கொஞ்சம் தாமதம். ஆறரைக்குத்தான் அந்த அம்மாள் வாளியோடு வருவார். தண்ணீரைக் கையால் அள்ளி வீசித் தெளித்து, பெருக்கிவிட்டு, உள்ளே போய்விடுவார். சற்று நேரம் கழித்துக் கோலமாவுக் கிண்ணத்தோடு வருவார். கீழே மாஸ்டர், மேலே கோலம். இரண்டையும் ஒரே திருப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டாவது வாரமே நானும் சாமான் வாங்கிவிட்டேன். கடைக்காரர் கொடுத்த கனமான தாள், டப்பாவில் பன்னிரண்டு நிறம், மூன்று தூரிகை, பிளாஸ்டிக் தட்டு. ஞாயிறு மாலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, காலையில் பார்த்தபடியே தண்ணீர் தடவி, நீலத்தை இழுத்தேன். நன்றாகத்தான் வந்தது. இடது மூலையில் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. தூரிகையில் இன்னும் கொஞ்சம் நீலம் எடுத்து அங்கே ஒரு தொடு தொட்டேன்.

கண் முன்னாலேயே அந்த இடம் விரிந்தது. நான் வைத்த ஈரம், பாதி காய்ந்த நீலத்தை நாலாபக்கமும் தள்ளிக்கொண்டு போய், ஓரத்தில் பல்பல்லாக ஒரு கரையைக் கட்டியது. நடுவில் வெளுப்பு, சுற்றிலும் சுருள் சுருளான ஓரம். வானத்தின் மூலையில் ஒரு காலிஃபிளவர். அதைச் சமன் செய்யப் போனேன். பக்கத்தில் இன்னொன்று பூத்தது. ஒன்பது மணிக்கு என் வானம் காய்கறிச் சந்தையாக இருந்தது. வீட்டில் பார்த்துவிட்டு, "மழை வரப்போற மாதிரி இருக்கு" என்றார்கள். ஆறுதலுக்குச் சொன்னதுதான்.

அடுத்த வாரம் அவர் தூரிகையை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்தேன். நுனியை விட்டுத் தள்ளி, பின்பாதியில், பேனாவைப் பிடிப்பதைவிட லேசாக. அதற்கடுத்த வாரம் எந்த நிறத்தோடு எந்த நிறம் என்று பார்த்தேன். நீலத்தையும் செம்பழுப்பையும் கலந்தே எல்லாச் சாம்பலையும் எடுத்துவிடுகிறார். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், செம்பழுப்பு கூடினால் வெயில் பட்ட கல். அந்த நீலத்துக்கு அல்ட்ராமரின் என்று பெயர். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து பதக்‌ஷான் மலையில் வெட்டிய நீலக்கல்லை அரைத்து எடுத்தது. 1820களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி கிடைத்த பிறகுதான் பள்ளிக்கூட மாஸ்டர்களின் பைக்குள் வரும் விலைக்கு இறங்கியது. செம்பழுப்பு, பர்ன்ட் சியன்னா; இத்தாலியின் சியனா ஊரின் பெயரைத் தாங்கிய, மண்ணை வறுத்து எடுக்கிற நிறம். இரண்டும் ஒரு சில்லுப் பீங்கான் தட்டில் சேர்ந்து சக்கரப் படித்துறைத் தூணின் நிழலாகின்றன.

தாளின் குழிகளுக்கு என்ன வேலை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இந்த நீலத்தின் துகள் கொஞ்சம் கனம். தண்ணீரில் மிதந்து வந்து குழிகளில் தங்கிவிடும். காய்ந்த பின் மணல் மணலாகத் தெரியும். கல்லின் சொரசொரப்பை அவர் வரைவதே இல்லை. நீலம் தானாகப் படிந்து அதைச் செய்துவிடுகிறது.

ஒரு ஞாயிறு, ஊரின் கவின்கலைக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் பலகையும் கையுமாக வந்தார்கள். பணிவாகத்தான் கேட்டார்கள்.

"சார், பிரஷ் என்ன நம்பர்?"

"பன்னெண்டு."

"சார், எந்த கம்பெனி கலர்?"

"கெடைக்கிறது."

ஒரு பையன் தட்டை செல்போனில் படம் பிடித்துக்கொண்டான். இருவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டிலும் அதே 'பன்னிரண்டு' எழுதியிருந்தது.

ஆறாவது வாரம் வேறு ஒன்று செய்தேன். கையை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தேன். செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, தூரிகை தாளில் படுகிற நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே வந்தேன். உட்கார்ந்ததிலிருந்து எழுந்தது வரை ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். அதில் தூரிகை தாளில் இருந்தது இருபத்திரண்டு நிமிடம்.

மற்ற நேரமெல்லாம் என்ன செய்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்ததும்தான் அவருடைய தலை அசைவு கண்ணில் பட்டது. வானத்தைப் போட்டுவிட்டு ஆற்றைப் பார்க்கிறவர், அவ்வப்போது தலையைப் பலகைக்குக் கிட்டத்தட்டப் பக்கவாட்டில் சாய்த்துத் தாளை ஓரப்பார்வையாகப் பார்க்கிறார். சாய்வாகப் பார்த்தால்தான் ஈரத்தின் மினுப்பு தெரியும். தண்ணீர் தேங்கி நிற்கும்போது கண்ணாடி. கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தடவிய தோல் போல ஒரு பளபளப்பு. அடுத்து பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே உள்நோக்கி வரும். அது மங்கி முடிகிற அந்தத் தறுவாயில் தென்னைகளை வைக்கிறார். கெட்டியான நிறம், குறைந்த தண்ணீர். வைத்த இடத்தில் கீற்று மெல்லக் கசிந்து, தூரத்தில் நிற்கும் மரமாக நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் வைத்திருந்தால் மரம் வானத்தோடு கரைந்து ஓடியிருக்கும். பின்னால் என்றால் கத்திரித்து ஒட்டியது போல விளிம்பு நிற்கும். நடுவில் தண்ணீர் அதிகமான தூரிகையோடு வந்தால் என் காலிஃபிளவர்.

மினுப்பு முழுக்க அடங்கிய பிறகும் அவர் நம்புவதில்லை. புறங்கையைத் தாளின்மேல் வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். கையை எடுத்துவிட்டு மறுபடி ஆறு.

ஏழாவது வாரம், கோல வீட்டில் அந்த அம்மாளுக்குப் பதிலாக ஒரு பெண் வந்தாள். காலேஜ் படிக்கிற வயசு. லீவுக்கு வந்த பேத்தியாக இருக்கலாம். வாளித் தண்ணீரை அடித்துத் தெளித்தாள், பெருக்கினாள், கிண்ணத்தை எடுத்தாள், உட்கார்ந்து புள்ளி வைத்துவிட்டாள். புள்ளிகள் ஈரத்தில் விழுந்து ஊறி ஒவ்வொன்றும் காசு அளவுக்குப் பரந்தன. இழுத்த இழை கயிறு போலத் தடித்தது. உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது.

"ஈரம் இழுக்கட்டும்டி. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"எவ்ளோ நேரம் பாட்டி?"

"நேரம் என்ன நேரம். தரையப் பாரு."

நான் கீழே திரும்பினேன். மாஸ்டர் தலையைச் சாய்த்துத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அம்மாவும் அப்படித்தான். தெளித்துவிட்டு உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வருவாள். வெயில் காலத்தில் உடனே வருவாள். மார்கழியில் பால் பொங்கிய பிறகுதான் வருவாள். உடனே போட்டால் சேறு. காயவிட்டால் மாவு தரையைப் பிடிக்காமல் காற்றோடு போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சில நிமிடங்களை அவள் எந்தக் கடிகாரத்திலும் பார்த்ததில்லை. வாசலில் கிடந்த வித்தையைத் தாண்டிக் குதித்துப் பள்ளிக்கூடம் போனவன் நான்; அதே வித்தையைப் பார்க்க நாற்பத்தைந்து வயதில் ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் தஞ்சைப் பெரிய கோயில். கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சுண்ணாம்புப் பூச்சில் தீட்டியவை அவை. ஈரச் சுண்ணாம்பில் வேலை செய்கிற ஓவியன் பூச்சு காய்வதற்குள் நிறத்தை வைத்துவிட வேண்டும். சுண்ணாம்பு காய்கிறபோது நிறத்தைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். பிற்காலத்தில் வெள்ளைக்காரர்கள் வந்தபோது, தஞ்சாவூர் ஓவியர்கள் அவர்கள் கொண்டுவந்த தாளில் நீர்வண்ணத்தில் ஊர்த் தொழில்களையும் உடைகளையும் வரைந்து கொடுத்தார்கள். அந்தத் தாள்கள் பல இன்று லண்டனில் இருக்கின்றன. சுவர் போய்த் தாள் வந்தது, சுண்ணாம்பு போய்ப் பிசின் வந்தது. ஈரம் பார்க்கிற வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

எட்டாவது வாரம் அவர் கை முடித்த படத்தை ஒரு பெரியவர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்று பார்த்தார். கல்மண்டபம், சுழிக்கிற தண்ணீர், படியில் நிற்கிற ஒரு ஆள். அந்த ஆளின் வேட்டி, தாளின் வெறும் வெள்ளை. சுற்றிலும் நிழலைப் போட்டு, வேட்டியின் உருவத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். தண்ணீரின் மினுக்கல்களும் அப்படித்தான். கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையைத் தாளோடு படுக்கவைத்து வேகமாக ஒரு இழுப்பு. நிறம் மேடுகளில் மட்டும் பட்டது, குழிகளெல்லாம் வெளிச்சமாக நின்றன.

"மாஸ்டர், அந்தக் கரண்டுக் கம்பத்த விட்டுட்டீங்களே?"

"ம்."

"அது அங்கதானே நிக்குது."

"நிக்கட்டும்."

பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "நான்தானா அது?" என்றார், வேட்டியைக் காட்டி. மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இன்னும் கொஞ்சம் குண்டு."

பதினோரு வாரத்தில் அவர் பேசிக் கேட்ட நீளமான உரையாடல் அதுதான்.

ஒன்பதாவது வாரம் ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் மூடியிருந்தது. காற்றில் நீர்ப்பதம் ஏறி, ஆவணியில் பத்து நிமிடத்தில் அடங்கிய மினுப்பு அரைமணியாகியும் அடங்கவில்லை. அவர் அவசரப்படவில்லை. தட்டில் தண்ணீரைக் குறைத்தார், நிறத்தைக் கெட்டியாக்கினார், தூரிகையை ஒவ்வொரு முறையும் தொடைத் துணியில் ஒற்றினார். மண்டபத்தின் நிழலைப் பாதி போட்டிருப்பார், தூறல் விழுந்தது. ஏழெட்டுத் துளிதான். பலகையைச் சட்டென்று கவிழ்த்து மடியோடு அணைத்துக்கொண்டார். திருப்பிப் பார்த்தபோது வானம் முழுக்க வெள்ளை வட்டங்கள்.

நானாக இருந்தால் தொட்டிருப்பேன். ஒவ்வொரு வட்டமாகத் தேடிப் போய்ச் சரிசெய்து, எல்லாவற்றையும் சேறாக்கியிருப்பேன். அவர் இரண்டு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு ஓரத்து நாடாவை உரித்துத் தாளை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்று, தாளை இரண்டு கையாலும் பிடித்து, காவிரியில் மெதுவாக அலசினார்.

நீர்வண்ணத்தைத் தாளோடு பிடித்து வைப்பது வேலமரத்துப் பிசின். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அது இளகும். வானம் ஒரு நீலப் புகையாகத் தாளை விட்டு இறங்கி, கலங்கலோடு கலந்து கிழக்கே போனது. அதன்பின்னால் மண்டபத்தின் நிழல் போனது. தென்னை போனது. சிவப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. அந்தச் சிவப்பு தாளின் நாருக்குள் இறங்கிவிடும் ரகம். வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு கறையும், பென்சில் கோடுகள் பத்தும் மிஞ்சின. தாளை உதறி, படியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் போலச் சாமான்களை அடுக்கினார். துளி நின்றதும் தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

பத்தாவது வாரம் அதே தாள் பலகையில் ஒட்டியிருந்தது. அந்த ரோஜாக் கறையின் மேலேயே வானத்தைப் போட்டார். மழைக்கால விடியலின் அடிவானத்தில் ஒரு மங்கிய சிவப்பு இருக்குமே, அது அங்கே ஏற்கெனவே இருந்தது. போன வாரத்து மழையில் கெட்ட படம் என்று தெரிந்தவர்கள் அந்தப் படித்துறையில் இரண்டு பேர்தான். ஒருவர் வரைந்துகொண்டிருந்தார், மற்றவன் பேசுகிறவன் இல்லை.

பதினோராவது ஞாயிறு நல்ல மழைக்குப் பிறகான காலை. போனால் நாலாவது படி இல்லை. தண்ணீர் ஏறி மேல்படிகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் வந்திருந்தார். பையைத் தோளில் மாட்டியபடியே கால்மணி நேரம் நின்று, கண்ணைப் பாதி மூடி ஆற்றைப் பார்த்தார். பிறகு டிவிஎஸ் 50-ஐத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றைய வேலையில் பார்க்கிற பாகத்தை மட்டும் முடித்துக்கொண்டார் என்று வைத்துக்கொண்டேன்.

நானும் வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். தண்ணீர் தடவினேன். நினைத்ததைவிட இரண்டு பங்கு அடர்த்தியாக நீலம் கரைத்து, மேலிருந்து கீழே மணிச்சரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இடது மூலை வழக்கம்போலக் கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருந்தது. தூரிகையைக் கிடத்திவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கும்வரை அங்கேயே நின்றேன். திரும்பி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தேன், இன்னும் மினுப்பு. காபியைக் குடித்து முடித்துவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஜில். மறுபடி போய் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

அந்த வானத்தில் காலிஃபிளவர் பூக்கவில்லை. வெளுப்பான மூலை, வெயில் வரும் மூலையாக இருந்தது. அதைத் தவிர அந்தப் படத்தில் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை; என் தென்னைகள் இன்னும் துடைப்பக்கட்டை மாதிரிதான் நிற்கின்றன.

தை பிறந்து வெயில் தெளிந்தால் அவர் மறுபடி வருவார். கும்பகோணம் பக்கம் போகிறவர்கள் ஞாயிறு காலை ஆறே காலுக்குச் சக்கரப் படித்துறையில் இறங்கிப் பாருங்கள். தூரிகை என்ன நம்பர் என்று கேட்க வேண்டாம், பன்னிரண்டு. அவருக்கு இடது பக்கம் மட்டும் நிற்காதீர்கள். வலது பக்கம், இரண்டு படி மேலே இடம் இருக்கிறது. நிழல் பட்டால் தாள் காயாது.